போணிக்கு வந்தவர்

தில்லைநாதன் எலுமிச்சை சாதத்தில் முதல் கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தபோது துறை வாசலில் சிந்துஜா வந்து நின்றாள். கல்லூரியில் தேர்வெல்லாம் முடிந்து விடுமுறை விட்டாயிற்று. இனி எந்த மாணவரும் தேடி வரப்போவதில்லை என்ற தைரியத்தில் அவர் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் அவசரமாகப் பொத்தானைப் போடப் போய்ச் சட்டையெல்லாம் மஞ்சளாயிற்று. "சாப்புடுங்க சார், நான் அப்பறமா வர்றேன்" என்று அவள் பின்வாங்கினாள். "பரவாயில்ல, வா" என்றார். கொஞ்ச நாளாகவே அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தால் நூலகத்துப் பக்கமாகத் திரும்பி நடந்துவிடுவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. இன்றைக்குத் திரும்ப வழியில்லை. அறைக்கு ஒரே வாசல்.

"வர்ற வெள்ளிக்கெழம கட தொறக்கறோம் சார். திருவதிகைல, கோயிலுக்குப் போற ரோட்டுல. மொத போணி நீங்கதான் பண்ணணும்னு அப்பா சொல்லிட்டாரு."

"நானா? வியாபாரத்துல இருக்கறவங்க யாராவது, கைராசிக்காரங்களா பாத்துக் கூப்புடலாமே?"

"பண்ருட்டில எங்க மாமா ஒருத்தரு மளிகை வச்சிருக்காரு. தானே பண்றேன்னு வந்தாரு. அப்பா அவரையே வேணாம்னுட்டாரு சார். சாரு சொல்லித்தான் இதெல்லாம், சாரு கைதான் படணுங்கறாரு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. உறவில் கல்யாணம் என்றிருக்கலாம், விடைத்தாள் திருத்தும் வேலை என்றிருக்கலாம். அவள் போனபின் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, ஓடாத கணினியின் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாதன் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தொழில்முனைவு சொல்லிக்கொடுக்கிறவர். வேதியியல் படித்தாலும் சரி, வரலாறு படித்தாலும் சரி, இறுதியாண்டுக்கு வந்துவிட்டால் அந்தப் பாடத்தைப் படித்தே ஆகவேண்டும். தன் ஆயுளில் அவர் ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. ஆனால் பேச்சென்று வந்துவிட்டால் மனுஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாதச் சம்பளம் என்பது நம் கனவை மறப்பதற்காக இன்னொருவன் நமக்குக் கொடுக்கும் கூலி என்பார். வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிடும். கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து உட்காருவான். இத்தனையும் பேசிவிட்டு, வருஷா வருஷம் மே மாதம் வந்தால், ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று முதல்வர் அறையின் எழுத்தரிடம் நைசாக விசாரித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். இந்த இரண்டு தில்லைநாதன்களும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டதே இல்லை. அதனால் பல வருஷம் நிம்மதியாகவே இருந்தார்.

போன ஜூலையில் வேதியியல் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் ஊரில் எதைத் தூக்கியெறிகிறார்கள் என்று பார்த்து வாருங்கள், தொழில் அங்கேதான் கிடக்கிறது என்றார். பெரும்பாலும் பிளாஸ்டிக் என்றே வந்து நின்றார்கள். சிந்துஜா முந்திரிப்பழம் என்றாள். பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள். ஆடு தின்றது போக மற்றதெல்லாம் அழுகி, பங்குனி சித்திரையில் தோப்பு முழுக்கப் புளித்த வாசனை அடிக்கும். தின்றால் தொண்டை காறும், சாறு பட்டால் துணியில் கறை போகாது, பறித்த மறுநாளே கெட்டுவிடும். அந்தப் பழத்தை ஸ்குவாஷ் ஆக்கி பாட்டிலில் அடைத்தால் என்ன என்று கேட்டாள். காறலை எடுக்க ஜவ்வரிசிக் கஞ்சி ஊற்றித் தெளிய வைக்கலாம் என்று எங்கேயோ படித்துக் கொண்டுவந்திருந்தாள். அவளோடு கூட்டுச் சேர்ந்தவன் அருண்குமார். இரண்டு பேரும் போன பருவத்தில் யார் வீட்டிலோ குளிர்பெட்டியில் போட்டு வைத்திருந்த பழத்தைத் தேடிப் பிடித்து, ஆய்வகத்தில் விடுமுறை நாளில்கூடப் பிழிந்து வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். தில்லைநாதன் எட்டிப் பார்த்து நின்று, பெருமையாக ஒரு போட்டோ எடுத்து முதல்வருக்கு அனுப்பினார்.

அருண்குமார் அவர் மனைவி புஷ்பவள்ளியின் தம்பி. இது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. பாரபட்சம் என்று பேச்சு வந்துவிடக் கூடாதென்று சேரும்போதே அவனிடம் சொல்லி வைத்திருந்தார். கல்லூரியில் சார், வீட்டில் மாமா. அவனும் கெட்டிக்காரன், மூன்று வருஷமும் ஒரு தடவைகூட நாக்குப் பிறழவில்லை.

மார்கழியில் சிப்காட்டிலிருந்து ஒரு கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரப்போவதாகத் தகவல் வந்தது. ஆய்வகத்துக்கு வேதியியல் படித்த பிள்ளைகள் வேண்டுமாம். கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. தொழில் தொடங்கப்போகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் இன்டர்வியூவில் உட்காரக் கூடாது. இரண்டிலும் கால் வைத்தால் எதிலும் உருப்படியாக நிற்க மாட்டார்கள் என்று வாதாடி அந்த விதியைக் கொண்டுவந்தவரே தில்லைநாதன்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடு கடலூர் முதுநகரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு அவர்தான் யோசனை சொல்கிறவர். மாமியார் ஞானாம்பாள் வஞ்சிரம் வறுத்திருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் அருண் கேட்டான்.

"மாமா, கிளாஸ்ல சொன்னத வுடுங்க. நெசமா சொல்லுங்க. நான் என்ன பண்றது?"

தில்லைநாதன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "கம்பெனி வருதுல்ல, அதுல உக்காரு. கெடைச்சா சேந்துடு."

"அப்ப சிந்துஜாகூட பண்றேன்னது?"

"அதெல்லாம் பாடம்டா."

புஷ்பவள்ளி சிரித்தாள். மாமியாருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலிருக்கிறது, இன்னொரு துண்டு மீனைக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தாள். அருண் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அவ கேட்டா என்னான்னு சொல்றது?" என்றான். "அம்மா ஒத்துக்கலன்னு சொல்லு. எம்பேரு வேணாம்" என்றார். சொன்ன நேரத்தில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதைத்தான் பின்னால் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மீன் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் பொன்னுரங்கம் வந்தார், சிந்துஜாவின் அப்பா. பண்ருட்டியிலிருந்து கிராமங்களுக்குப் போகும் மினி பஸ்ஸில் டிரைவர். ஒரு நடைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடே வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கூட்டு சேந்த புள்ளையே இப்ப வேலைக்குப் போறேங்கறான் சார். அவுங்க அம்மா வுட மாட்டேன்னுட்டாங்களாம். எம்பொண்ணு தனியாவே பண்றேன்னு நிக்கறா. பொங்கலுக்குள்ள பேர மாத்திக் குடுத்தா அவளும் இன்டர்வியூல உக்காரலாம்னு சொல்றாங்க. நல்ல மார்க்கு வாங்குற புள்ள, கெடைச்சிடும். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நீங்க மனசுல பட்டத சொல்லுங்க. உங்க பொண்ணா இருந்தா வுடுவீங்களா?"

"விடுவேன்" என்றார் தில்லைநாதன்.

பொன்னுரங்கம் அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் சார்" என்றார். அவ்வளவுதான். படியிறங்கிப் போகும்போது யாரிடமோ போனில், "சாரே சொல்லிட்டாருப்பா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு போனது ஜன்னல் வழியாகக் கேட்டது.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவர் தன்னைத்தானே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். மார்ச் மாதம் கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக்குழு வருகிறது, ஒரு மாணவராவது உண்மையில் தொழில் தொடங்கியதாகக் காட்டியாக வேண்டும் என்று முதல்வர் கழுத்தைப் பிடித்திருந்தார். இருந்ததே இரண்டு பேர். ஒருவனை அவரே இழுத்துக்கொண்டார். இன்னொருத்தியையும் விட்டுவிட்டால் கையில் எதுவும் இல்லை. வாய் தவறி வந்த வார்த்தை என்று சொல்லிச் சமாதானம் ஆகலாம் என்று பார்த்தால் அதுவும் முடியவில்லை. ஒரு நாள் முழுக்க யோசிக்க நேரம் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். தன் வீட்டுப் பிள்ளையைக் கரையில் ஏற்றிவிட்டு, ஊரான் வீட்டுப் பெண்ணை ஆற்றில் இறக்கிவிட்டவன் நான் என்று ஒருநாள் குளிக்கும்போது வாய்விட்டே சொல்லிக்கொண்டார். வெளியே புஷ்பவள்ளி, "என்னாங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார்.

அருணுக்கு வேலை கிடைத்தது. படிப்பு முடிந்ததும் வந்து சேரச் சொன்னார்கள். மாமியார் வீட்டில் கேசரி. சிந்துஜா தனியாகப் பிழிந்தாள். முதலில் போட்ட பாட்டில்கள் எல்லாம் புளித்துப்போய், வீட்டுக்குள் மூடி தெறித்து, சுவரெல்லாம் கறையாகிவிட்டதாக வேதியியல் துறைக்காரர் ஒருவர் தேநீர் குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். தில்லைநாதனால் சிரிக்க முடியவில்லை. ஆய்வுக்குழு வந்த அன்று அவள் தேறிய பாட்டில்களை மேசைமேல் அடுக்கி வைத்துத் தெளிவாகப் பேசினாள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இந்த ஊக்கத்தை விதைத்தது யார் என்று கேட்டார்கள். அவள் அவரைக் காட்டினாள். கைதட்டினார்கள். இந்த வருஷம் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா என்று எழுத்தரிடம் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, முதல்வரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் அவர் நூலகத்துப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேட்டி கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் புஷ்பவள்ளி, "பேசாம ஒடம்பு சரியில்லன்னு போன் பண்ணிடுங்க. மொகத்தப் பாத்தா அப்படித்தான் இருக்குது" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் இதில் வருத்தப்பட என்ன இருக்கிறதென்று அவளுக்குப் புரியவில்லை. "நம்ம வீட்டுப் புள்ளைய நாம பாத்தோம். அவுங்க வீட்டுப் புள்ளைய அவுங்க பாத்துக்கறாங்க. நீங்க ஜாஸ்தி யோசிக்கறீங்க" என்றாள். அவள் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு மட்டும் அது ஒத்துப்போகவில்லை. அவர்கள் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார்கள், பார்க்கவிடாமல் செய்தது அவர். இன்றைக்குப் பொன்னுரங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது, அவர் செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொண்டு வருவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். கடலூரில் இறங்கிப் பண்ருட்டி பஸ் மாறும்போது அந்தத் தீர்மானம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. திருவதிகையில் இறங்கும்போது, சந்தர்ப்பம் அமைந்தால் சொல்லலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

கடை சின்னதுதான். சைக்கிள் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர். வாசலில் வாழைக்குருத்தும் மாவிலையும் கட்டி, படியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். உள்ளே மஞ்சள் நிறத்தில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பொன்னுரங்கம் புது வேட்டியில் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். காக்கியில் பார்த்த ஆள்தானா என்று சந்தேகம் வருகிற மாதிரி இருந்தார்.

"மினி பஸ்ஸ வுட்டுட்டேன் சார்" என்றார் பெருமையாக.

"என்ன?"

"நின்னுட்டேன். மொதலாளி வேற ஆளப் போட்டுட்டாரு. பாட்டில எடுத்துக்கிட்டு கட கடயா போவறதுக்கு ஆளு வேணுமில்ல? அவ வேணாம்னுதான் சொன்னா. நாந்தான், சாரே தன் பொண்ணா இருந்தா வுடுவேன்னு சொல்லியிருக்காரு, நாம எதுக்கு அரமனசா நிக்கணும்னு எறங்கிட்டேன்."

தில்லைநாதனுக்கு வேர்த்தது. சித்திரை வெயில் என்று நினைத்துப் பொன்னுரங்கம் விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சிந்துஜா எங்கே என்று தில்லைநாதன் கேட்டார். பின்னால் இருப்பதாகச் சொன்னார்கள்.

கடைக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அவள் கொதித்த தண்ணீரிலிருந்து பாட்டில்களை இடுக்கியால் எடுத்துத் துணிமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப் புடவை கட்டியிருந்தாள், விரலெல்லாம் பழுப்புக் கறை. "அப்பா வேலைய விட்டுட்டாராம்" என்றார். "ஆமா சார்" என்றாள். அவர், "சிந்துஜா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார்.

"அருண் உங்க மச்சான்னு தெரியும் சார்."

கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "பொங்கலுக்கு முன்னாடியே சொல்லிட்டான். மனசு கேக்கலன்னு வீட்டுக்கு வந்து அழுதான். நீங்க என்ன சொன்னீங்கன்னும் சொன்னான். அதெல்லாம் பாடம்னு."

 அவர் பக்கத்தில் இருந்த காலி டிரேயை நகர்த்தி வைத்தார். "பொங்கலுக்கு முன்னாடின்னா அப்ப இன்டர்வியூவே முடியலியே. நீ ஏன் பேர மாத்திக் குடுக்கல?"

"கோவம்தான் சார் வந்துச்சு. ரெண்டு நாளு சாப்புடல. மூணாவது நாளு பாத்தா, கஞ்சிய எவ்வளவு ஊத்துனா காறல் போவும்னு யோசிச்சிக்கிட்டு இருக்கறேன். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நீங்க நம்பி சொன்னீங்களோ, சும்மா சொன்னீங்களோ, எனக்குள்ள அது பூந்துடுச்சு சார். இனிமே வெளிய போவாது." இடுக்கியைக் கீழே வைத்தாள். "ஆனா அப்பா வேற. அவரு இந்தக் கடைய நம்பல, உங்கள நம்பறாரு. நீங்க அப்படிச் சொல்லலன்னா என்னைய வுட்டுருக்கவே மாட்டாரு. நீங்க சொல்லணும்னு வந்திருக்கீங்கன்னு மொகத்தப் பாத்தாலே தெரியுது. இன்னிக்கி வேணாம் சார். எனக்காக."

சரி என்று தலையாட்டினார். அப்பாடா என்று ஒரு மூச்சு உள்ளே வந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. அதற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டார்.

பூசை நடந்தது. பொன்னுரங்கத்தின் அக்கா மங்கலம் திருஷ்டி சுற்றிப் போட்டாள். பத்திருபது பேர் வாசலில் கூடியிருந்தார்கள். தில்லைநாதன் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பொன்னுரங்கம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் செருகினார். சிந்துஜா ஒரு பாட்டிலைத் துணியால் துடைத்துத் தில்லைநாதன் கையில் கொடுத்தாள். போணி ஆயிற்று. பூக்கடைக்காரம்மா, "நல்லா நடக்கட்டும்" என்றாள். எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார்கள்.

கிளம்பலாம் என்று அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மங்கலம் தன் பெண்ணை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். பெண்ணின் பெயர் இலக்கியா. லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்திருக்கிறாள்.

"சார், இவளுக்குக் கடலூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்புல வேல கெடச்சிருக்குது. திங்கக்கெழம வந்து சேரச் சொல்றாங்க. இவ என்னாடான்னா போவ மாட்டேன், சிந்துகூட சேந்து இதத்தான் பண்ணுவேங்கறா. அப்பா இல்லாத புள்ள சார். தம்பிதான் சொன்னான், சாரக் கேளு, அவரு மனசுல பட்டத சொல்லுவாருன்னு. நீங்க சொல்லுங்க, வுட்டுடவா?"

இலக்கியா அவரையே பார்த்தாள். கண்ணெல்லாம் ஆசை. வகுப்பில் எத்தனையோ முகங்களில் அவர் அதை ஏற்றி வைத்துப் பார்த்து ரசித்திருக்கிறார். பின்னால் சிந்துஜா டம்ளர்களை அடுக்குவதை நிறுத்திவிட்டது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"வேலைக்கு அனுப்புங்கம்மா" என்றார்.

பொன்னுரங்கம் சிரித்தார். "என்னா சார், எம்பொண்ணுக்கு ஒண்ணு, எங்க அக்கா பொண்ணுக்கு ஒண்ணா?"

ஒவ்வொருவர் சூழ்நிலையும் வேறு வேறு என்று ஒரு வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது. வகுப்பில் பல தடவை சொன்னதுதான். அதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள், சுண்டலைத் தின்றிருப்பார்கள், அவரும் பஸ் ஏறியிருப்பார். வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

"எங்க வீட்டுப் பையன நான் வேலைக்குத்தாங்க அனுப்புனேன். சிந்துஜாகூட கூட்டு சேந்திருந்த அருண்குமார் என் சம்சாரத்தோட தம்பி. அவுங்க அம்மா தடுக்கல. நாந்தான் போன்னு சொன்னேன். நீங்க காலேஜுக்கு வந்து கேட்டீங்கல்ல, அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம."

 கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. மங்கலம் மட்டும் தன் பெண்ணின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பொன்னுரங்கத்தின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை, அது அங்கேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோ ஆனது. தில்லைநாதன் திரும்பிச் சிந்துஜாவைப் பார்த்தார். அவள் கோபமாக இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. நாலு மாதமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததை இன்னொருவர் தட்டிவிட்டு உடைத்துவிட்டதைப் பார்க்கிறவள் முகமாக இருந்தது அது. இலக்கியாவைக் காப்பாற்றத்தான் சொன்னோமா, நம் நெஞ்சுக்கூட்டைக் காலிபண்ணிக்கொள்ளச் சொன்னோமா என்று அந்த இடத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் இனி தன்னை விடாது என்றும் தெரிந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று பொன்னுரங்கம் மகளைக் கேட்டார்.

"தெரியும்பா."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்தே."

அவர் கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். பாட்டில்கள், புதிதாக எழுதிய பெயர்ப்பலகை, மகளின் பழுப்பேறிய விரல்கள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய் அந்த நூறு ரூபாய் நோட்டை உருவினார். போணிக் காசை எந்தக் கடைக்காரரும் திருப்பித் தர மாட்டார். சண்டைபோட்டு வந்த வாடிக்கையாளருக்குக்கூட வேறு பணத்தைத்தான் கொடுப்பார்கள். பூக்கடைக்காரம்மா, "ஐயையோ, வேணாம்பா" என்று மெல்லச் சொன்னாள். பொன்னுரங்கம் வந்து, வாங்கியபோது எப்படி வாங்கினாரோ அப்படியே, இரண்டு கையாலும் நோட்டை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இது எங்களுக்கு வேணாம்."

தில்லைநாதன் வாங்கிக்கொண்டார். பாட்டிலைப் பொன்னுரங்கம் திருப்பிக் கேட்கவில்லை. அதை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. கொடுத்தால் வாங்கவும் ஆளில்லை.

அந்த நேரத்தில் கோயில் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கடைமுன் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். வெளியூர்க்காரர், தலையெல்லாம் வேர்வை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஜூஸ் கடையா? குடிக்கறதுக்கு எதனா இருக்குதா?" என்று கேட்டார்.

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்குது, வாங்க. இன்னிக்கித்தான் தொறந்தோம்" என்றார்.  "நீங்கதான் மொத போணி."

சிந்துஜா அப்பாவைப் பார்த்தாள். பிறகு வேகமாக ஒரு டம்ளரை எடுத்து, பாட்டிலைத் திறந்து ஊற்றி, பானைத் தண்ணீரைக் கலந்து ஆற்றினாள். அவசரத்தில் கொஞ்சம் மேசைமேல் சிந்தியது. அந்த மனிதர் டம்ளரை வாங்கி, வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்குக் கீழே, ஒரு கையில் பாட்டிலும் இன்னொரு கையில் குங்குமம் ஈரமாய் ஒட்டிய நோட்டுமாக, தில்லைநாதனும் பார்த்துக்கொண்டு நின்றார்.